செலவைக் கழிக்காத லாபம் முதலை விழுங்கும்

"நல்ல வியாபாரம் நடந்த கடைதானே, எப்படி மூடினார்?" இந்தக் கேள்வி நம் பகுதியில் அடிக்கடி காதில் விழுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியோ, திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கமோ, சம்பளம் போட்ட வாரத்தில் மளிகைக் கடை முன் நிற்க இடம் இருக்காது. கல்லா நிறைகிறது. வாங்கிய விலையைவிடக் கூடுதலாகத்தான் விற்கிறோம். அப்படியும் சில கடைகள் நொடித்துப் போகின்றன. இதன் காரணத்தை நாம் எதிர்பார்க்காத ஓர் இடத்தில், அமெரிக்கச் சீட்டாட்ட மேசையில், கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சூதாட்டத்தை நாம் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003இல் தடை செய்யப்பட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. இவற்றால் குடும்பங்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. நமக்கு வேண்டியது ஆட்டமல்ல, அந்தக் கணக்கு மட்டுமே.

சீட்டை எண்ணியவர்கள்

பிளாக்ஜாக் ஆட்டத்தில், கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் விடுதிக்காரரைவிட அதிகம் பெறுபவர் வெல்வார். சாதாரணமாக ஆடினால் விடுதிக்கே ஆதாயம். 1962இல் எட்வர்ட் தார்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் இதுபற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இறங்கிய சீட்டுகளை மனதில் எண்ணி வந்தால், பத்துகளும் ஏஸ்களும் மிகுதியாக மீந்திருக்கும் நேரம் தெரியும். அப்போது பந்தயத்தைக் கூட்டினால் ஆதாயம் ஆடுபவர் பக்கம் திரும்பும் என்று அதில் விளக்கினார். ஆனால் அந்த ஆதாயம் மிக மெல்லியது. 100 டாலர் பந்தயத்துக்கு ஒரு டாலர் அளவில்தான் நிற்கும். நமக்குச் சர்க்கரையில் நிற்பது போலத்தான்!

லாபம் மெல்லியது, ஏற்ற இறக்கமோ பெரியது. ஆகவே லாபம் கைக்கு வந்து சேரும் முன்பே முதல் தீர்ந்துவிடலாம். அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதே நொடிப்புக் கணக்கு. அதற்கு மூன்று எண்கள் வேண்டும்: சராசரி லாபம், ஏற்ற இறக்கத்தின் அளவு, கையிலுள்ள முதல்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் மணிக்குச் சராசரியாக 25 டாலர் சம்பாதிக்கிறார். ஒரு மணி நேரத்தில் 500 டாலர் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். முதல் 23,000 டாலர். அவர் முதலை முழுவதும் இழக்கும் வாய்ப்பு 100இல் 1 என்று கணக்கு சொல்கிறது. ஆனால் தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 100 டாலர் ஆகிறது. எட்டு மணி நேரம் ஆடினால் மணிக்கு 12.50 டாலர் செலவு. அதுவும் அதே முதலிலிருந்துதான் போகிறது. நிகர லாபம் பாதியாகிவிட்டது. ஆபத்து 100இல் 2 ஆகும் என்று நினைப்போம். இல்லை, 10இல் 1 ஆகிறது! பழைய பாதுகாப்பு வேண்டுமானால் முதலை இரட்டிப்பாக்கி 46,000 டாலர் வைக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கும் அதிலிருந்தே எடுத்து, செலவு மணிக்கு 25 டாலரைத் தொட்டுவிட்டால், ஆடிக்கொண்டே இருப்பவர் நொடிப்பது நிச்சயம். நாள்தான் தெரியாது.

நம் கடைக் கணக்கு

இதே கணக்கை நம் பகுதிக் கடை ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் 1,50,000 ரூபாய். மாதம் 4 லட்சத்துக்கு விற்பனை, அதில் 8 சதவீதம், அதாவது 32,000 ரூபாய் நிற்கிறது. தொழிலாளர் மெஸ்களுக்கும் விடுதிகளுக்கும் கடனில் சரக்கு போவதால், ஒரு பாக்கி நின்றாலும் வந்தாலும் மாதக் கணக்கு 40,000 ரூபாய் வரை ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

32,000 ரூபாயையும் லாபம் என்று எண்ணினால் நொடிப்பு வாய்ப்பு 400இல் 1. கடை வாடகை, மின்சாரம், பையன் சம்பளம் 16,000 ரூபாயைக் கழித்தால் 20இல் 1. வீட்டுக்கு எடுக்கும் 12,000 ரூபாயையும் கழித்தால், நிற்பது 4,000 ரூபாய்தான். இப்போது நொடிப்பு வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அதே கடை, அதே கல்லா, அதே கூட்டம். மாறியது நாம் எதை லாபம் என்று எழுதினோம் என்பது மட்டுமே.

செலவுகளைப் பிரித்து எழுதுவது நல்லது. வண்டி வாடகை, ஏற்றுகூலி, சேதாரம் போன்றவை சரக்கோடு கூடிக் குறைபவை. அவற்றைக் கொள்முதலிலேயே சேர்த்துவிடலாம். வாடகையும் சம்பளமும் நாளோடு போகிறவை. விற்றாலும் விற்காவிட்டாலும் உண்டு. அவற்றையும் வீட்டுச் செலவையும் மாத லாபத்தில் கழிக்க வேண்டும். கல்யாணம், கடை அட்வான்ஸ் போன்ற ஒருமுறைச் செலவை லாபத்தில் அல்ல, முதலில் கழிக்க வேண்டும். வீட்டில் வேறொருவர் சம்பளத்தில் குடும்பம் நடந்தால், அந்தக் கடைக்கு அது பெரிய பலம்.

இன்னொரு பாடமும் உண்டு. முதல் கரையும்போது சீட்டு எண்ணுபவர் பந்தயத்தைச் சுருக்கிக்கொண்டு தப்பப் பார்ப்பார். ஆனால் அறை வாடகை சுருங்காது. நாமும் அப்படித்தான். 2020 ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தை முடக்கியபோதும், சரக்கைக் குறைக்க முடிந்தது; நிலையான செலவு அப்படியே நின்றது. எனவே நல்ல மாதத்தைப் பார்த்துப் பெரிய கடைக்கு மாறும் முன், கூடப்போகும் வாடகையை நிகர லாபத்தோடு ஒப்பிட வேண்டும். அது நிகர லாபத்தில் பாதியைத் தின்றால், விற்பனை கூடும் வரை தாங்க இரட்டிப்பு முதல் வேண்டும்.

வருவாய் சிறிதானாலும் செலவு பெருகாதவரை கேடில்லை என்ற கருத்தை வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். வரவு மாதாமாதம் ஒரே சீராக வருபவருக்கு வரவும் செலவும் சமமாக இருந்தாலும் போதும். நம் வரவு அப்படிப்பட்டதல்ல. வரவுக்கும் செலவுக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் கடை நிற்கும்.

இன்று இரவு கடை அடைத்ததும் பேரேட்டில் மூன்று வரி எழுதிப் பாருங்கள்: சரக்கில் நின்றது, கடைச் செலவு, வீட்டுச் செலவு. முதல் வரியிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து மிஞ்சுவதே உங்கள் லாபம். கடன் கொடுப்பதையும் கடையைப் பெரிதாக்குவதையும் அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.