வீடு வாங்குமுன் அறிய வேண்டியவை

தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் பெரும்பாலும் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். ஆதலின், ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு சொந்த வீடு வாங்குவோர் பலர். அப்பணம் வாழ்நாள் உழைப்பின் பயன்; ஒரு கையெழுத்தில் அதனை இழந்துவிடலாகாது.

முதலாவதாக, தீபகற்ப மலேசியாவில் நான்கு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் மேம்பாட்டாளர், 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உரிம எண்ணை வீடமைப்பு அமைச்சில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் ‘முன்பணம்’ என்று எதனையும் கொடுக்காதீர்கள். கையெழுத்திடும்போது செலுத்த வேண்டியது விலையில் 10 விழுக்காடே. பத்திரத்தின் மொழி விளங்காவிடில், படித்த பிள்ளைகளைக் கொண்டு பொருளறிந்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

மூன்றாவதாக, வீடு ஒப்படைக்கப்பட்ட பின் 24 மாதங்களுக்குள் சுவர் வெடிப்பு, கூரை ஒழுக்கு போன்ற கட்டுமானக் குறைகள் தென்பட்டால், மேம்பாட்டாளருக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் அவர் தம் செலவில் செப்பனிட வேண்டும். வாய்மொழிப் புகாருக்குச் சான்றில்லை; கடித நகலைப் பத்திரப்படுத்துங்கள். அவர் தவறினால், 2002இல் தொடங்கப்பட்ட வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞரின்றி நீங்களே முறையிடலாம்.

அவசரம் விற்பவருக்கு இருக்கலாம். வாங்குபவருக்கு வேண்டியது நிதானமே.