அயலார் கண்ட தமிழகம்: தப்பெண்ணமும் தெளிவும்

முன்னுரை

அயல்நாடு சென்று வருதல் அறிவை விரிவாக்கும் என்பது பலரும் எளிதில் உடன்படும் கருத்தாகும். காணாத நாட்டைப் பற்றியும் அந்நாட்டு மக்களைப் பற்றியும் பிறர் சொல்லக் கேட்டுக் கொண்ட இழிவான எண்ணம், நேரிற் கண்ட அளவில் நீங்கிவிடும் என்று நாம் கருதுகின்றோம். ஆயினும், சோழமண்டலக் கரைக்கு 17ஆம் நூற்றாண்டு முதலாக வந்து சென்ற ஐரோப்பியர் எழுதிவைத்த குறிப்புகளைப் படிப்போர்க்கு இக்கருத்து முழுதும் பொருந்தாமை புலனாகும். அவருட் பலர் தப்பெண்ணத்தோடு வந்தனர், பல்லாண்டு தங்கினர், அதே எண்ணத்தோடு திரும்பினர். சிலரே மாறினர். வந்த கரை ஒன்றே. கண்ட மக்களும் அவர்களே. அங்ஙனமிருக்க, சிலர் மாறியதற்கும் பலர் மாறாமைக்கும் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வினா இன்றியமையாதது. அயலார் குறிப்புகளை நாம் வரலாற்றுச் சான்றாக எடுத்தாளுகின்றோம். அவற்றை எழுதியவர் கண்டு எழுதினாரா, கேட்டு எழுதினாரா, கற்று எழுதினாரா என்பதைப் பகுத்தறியாமல் அவர்தம் புகழ்ச்சியை ஏற்றலும் இகழ்ச்சியைத் தள்ளுதலும் ஆய்வு நெறியாகா. கண், இடையாள், மொழி ஆகிய மூன்று வாயில்களின் வழியே அயலார் நம்மை அறிந்தனர். ஒவ்வொரு வாயிலும் எவ்வளவு தெளிவைத் தந்தது என்பதைச் சென்னைக் கடற்கரை, பழவேற்காடு, தரங்கம்பாடி ஆகிய மூன்று துறைகளைக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

கண்ணால் பெற்ற தெளிவு

சென்னைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையினின்று நெடுந்தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. 1861இல் இரும்புத் தூண்கள்மேல் கடலுக்குள் நீளும் பாலம் அமையும்வரை, பயணியும் சரக்கும் படகின் வழியே கரை சேர்ந்தாக வேண்டும். இடையில் அலைகள் வரிசை வரிசையாக மடிந்து உடையும் பகுதி ஒன்று உண்டு. ஐரோப்பியக் கப்பல்களில் இருந்த படகுகள் ஆணி அடித்துப் பலகை பொருத்தியவை. அவ்வலையில் அகப்பட்டால் அவை பிளந்து சிதறும்.

அவ்வலையைக் கடந்தவை மசூலாப் படகுகளே. அவற்றில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்து, இடைவெளியில் வைக்கோல் முதலியவற்றைத் திணித்து அடைப்பர். அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும். தரை தட்டினாலும் உடையாது. உடன் கட்டுமரங்களும் செல்லும். கடலில் வீழ்ந்தவரைக் கட்டுமரக்காரர் எடுத்துக் கரை சேர்ப்பர். உயிர் காத்த கட்டுமரக்காரர்க்குப் பதக்கங்கள் வழங்கப்பெற்றதும் உண்டு. அலை மிகுந்து படகு செல்ல இயலாத நாளிலும், தலையில் அணிந்த கூம்புத் தொப்பியுள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கொண்டுசென்று கப்பலிற் சேர்ப்பித்தவர் இவர்களே.

கப்பல் மேல்தளத்தில் நின்று தைத்த படகைக் கண்ட பயணி முதலில் அதனை நாகரிகம் அறியாதார் செய்த முரட்டுப் பொருளாகவே எண்ணினான். அதில் ஏறிக் கரை சேர்ந்தபின் அதன் அமைப்பை வியந்து எழுதினான். கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்திலும் புகுந்தது. 1697இல் வெளிவந்த தாம்பியரின் பயண நூலிலேயே அச்சொல் காணப்படுகிறது. இவ்வாறு ஒரு தப்பெண்ணம் நீங்கியது உண்மை. எனினும், நீங்கியது படகைப் பற்றிய தப்பெண்ணமே. படகைப் புகழ்ந்த குறிப்புகளிலேயே படகோட்டியின் உடையைப் பற்றிய இகழ்ச்சியும், அவன் கூலி கேட்கும் முறையைப் பற்றிய ஏளனமும் தொடர்ந்து வருகின்றன. கருவியின் திறத்தைக் கண்ணே காட்டிவிடும். அதனை ஆக்கியோனின் அறிவையும் வாழ்வையும் அறியக் கேள்வியும் உரையாடலும் வேண்டும். அப்படகோட்டிகள் தம் பொருள்கொண்டு எழுப்பிய கோயில் இராயபுரத்தில் இன்றும் நிற்கின்றது. பேதுருவைக் குறிக்கும் இராயப்பர் என்னும் தமிழ்ப் பெயராலேயே அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பர். தமக்கெனக் கோயிலும் ஊர்ப்பெயரும் ஆக்கிக்கொண்ட அம்மக்களைப் பற்றி, அவர்தம் படகில் ஏறி இறங்கிய பயணிக்கு யாதொன்றும் தெரியவில்லை.

இடையாள் வழிப் பெற்ற தெளிவு

எண்ணூர்க்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஒல்லாந்தரின் முதன்மைத் துறையாய் விளங்கிய ஊர். அங்கு 1632 முதல் 1642 வரை சமயப் பணி புரிந்தவர் ஆபிரகாம் ரோஜர். அவர் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1651இல் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் வெளியாயிற்று. பின்னர் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பெற்றது. மறைந்து கிடந்த சமயத்திற்குத் திறந்த கதவு என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டனர். இந்நாட்டு மக்கள் கடவுளறிவே இல்லாமல் விலங்குபோல் வாழ்வர் என எவரும் எண்ணற்க என்னும் கருத்தை ரோஜர் அந்நூலில் தெளிவாகக் கூறுகின்றார். அக்காலத்து ஐரோப்பியர் நூல்களோடு ஒப்பிட, இஃது அரிய நடுவுநிலையாகும்.

இத்தெளிவு அவருக்குப் பதுமநாபன் என்னும் அந்தணர் வழியே கிடைத்தது. பதுமநாபன் ஒல்லாந்தர் கோட்டையை அடைக்கலமாகக் கொண்டு வாழ்ந்தவர்; போர்த்துகேய மொழி அறிந்தவர். இருவரும் அம்மொழியிலேயே உரையாடினர். பர்த்ருஹரியின் நீதிப்பாடல்களைப் பதுமநாபன் விளக்க, ரோஜர் தம் மொழியில் எழுதிக்கொண்டார். வடமொழி நூல் ஒன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறியது இதுவே முதன்முறை.

இரண்டாம் வாயிலின் சிறப்பும் குறையும் இங்கு ஒருங்கே தோன்றுகின்றன. கோட்டையில் வாழ்ந்த பிற ஒல்லாந்தர் பலர் விலை பேசுவதற்கே உள்ளூராரை நாடினர். ரோஜர் அமர்ந்து கேட்டார், மாறினார். ஆயினும், சொன்னவர் ஒருவரே ஆதலின், அவர் அறிந்த உலகமே நூலின் உலகமாயிற்று. அந்தணர் ஒழுக்கம் விரிவாகப் பேசப்படுகின்றது. பிறர் வாழ்வு அந்தணர் ஒருவரின் கண்வழியே தெரிகின்றது. இடையாள் ஒருவர் ஒரு தப்பெண்ணத்தை நீக்கும் பொழுதே, தம் கூட்டத்தின் எண்ணங்களைக் கேட்பவர் மனத்தில் புகுத்திவிடுதலும் இயல்பு.

மொழி வழிப் பெற்ற தெளிவு

தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் ஆட்சியில் இருந்தது. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, 1706 சூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கியவர் சீகன்பால்கு. அப்பொழுது அவருக்கு ஏறத்தாழ இருபத்துநான்கு வயது. தமிழ்ச் சிறுவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தாமும் அமர்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார். பின்னர்ப் புலவர்களையும் எழுத்தர்களையும் அமர்த்தி ஏடுகளைப் படித்தார். 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் தமிழர் நூல்கள் 119 விளக்கக் குறிப்போடு இடம் பெற்றன. திருக்குறளும் சிவவாக்கியர் பாடலும் அவற்றுட் சேர்ந்தவை. திருக்குறள் அச்சில் வெளிவந்தது 1812இல் என்பதை நினைவிற் கொள்ளின், அப்பட்டியலின் அருமை விளங்கும்.

அதே 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவர் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். நீதிவெண்பா மொழிபெயர்ப்பின் முன்னுரை நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது. தமிழரை மலபாரியர் என வழங்கிய ஐரோப்பியர், அவர்களைக் கல்வியும் ஒழுக்கமும் அறியாத முரடர் என்று எண்ணுகின்றனர் என்றும், மொழியறியாது புறத்தோற்றம் ஒன்றையே கண்டு திரும்பியோரால் அவ்வெண்ணம் பரவிற்று என்றும் அவர் அதில் கூறுகின்றார். புதிதாக வந்த காலத்தில் தாமும் அவ்வாறே எண்ணியதாகவும், தமிழ் மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் இராது எனக் கருதியதாகவும், தமிழ் கற்று மக்களோடு உரையாடத் தொடங்கிய பின்னர் அவ்வெண்ணம் சிறிது சிறிதாக நீங்கியதாகவும் எழுதுகின்றார். மாற்றம் ஒரு நாளில், ஒரு காட்சியால் நிகழவில்லை; எழுத்து, சொல், நூல், உரையாடல் எனப் படிப்படியாக நிகழ்ந்தது. இலக்கணம் இல்லை என முதலில் கருதிய அவரே 1716இல் தமிழ் இலக்கணம் ஒன்றை இலத்தீன் மொழியில் எழுதி ஹாலே நகரில் வெளியிட்டார்.

இங்கு ஒரு வரையறை கூறுதல் கடமையாகும். தமிழரின் கல்வி, நீதி, ஒழுக்கம் பற்றிய அவர் கருத்து மாறியது. சமயம் பற்றிய முடிபு மாறவில்லை. தமிழரைத் தம் சமயத்திற்கு மாற்றுவதே இறுதிவரை அவர் நோக்கம். தப்பெண்ணம் ஒரே பிண்டமாய் நீங்குவதன்று. ஒரு பகுதி கரைய, மற்றொரு பகுதி நிலைத்து நிற்றல் கூடும்.

தமிழர் கண்ட ஐரோப்பியர்

சீகன்பால்கும் அவர்தம் துணைவர் கிருண்ட்லரும் தமிழர் பலர்க்கு வினாக்கள் விடுத்துப் பெற்ற மறுமொழிகள் 99 கடிதங்களாக ஹாலேயில் அச்சாயின. இன்று நாம் படிப்பது ஜெர்மன் மொழிபெயர்ப்பே ஆதலின், தமிழர் குரல் பாதிரிமார் கைவழியே வந்தது என்பதை மறத்தல் கூடாது. அங்ஙனமாயினும், கிறித்தவரைத் தமிழர் ஏன் இழிவாக எண்ணினர் என்பதற்கு அவை விடை தருகின்றன. மாட்டிறைச்சி உண்ணல், மிகுதியாகக் குடித்தல், உடல் தூய்மை பேணாமை என்பன அக்காரணங்கள். துறைமுகத்தில் தாம் கண்ட மாலுமியையும் படைவீரனையும் கொண்டு தமிழர் ஒரு கண்டத்தையே அளந்தனர். கண் ஒன்றையே வாயிலாகக் கொண்டால் விருந்தினனுக்கு நேரும் பிழை ஊராருக்கும் நேரும் என்பது இதனாற் பெறப்படும்.

தெளிவு தாயகம் சேராமை

மாறியவர் தம் தெளிவைத் தம் நாட்டார்க்கு வழங்க முயன்றபோது நிகழ்ந்தது வேறு. சீகன்பால்கு 1711இல் தமிழர் சமயநெறி பற்றியும், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றியும் பெருநூல்கள் எழுதி அனுப்பினார். பாதிரிமாரை அனுப்பியது புறச்சமயத்தை ஒழிப்பதற்கே. அதன் பொய்க் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது ஹாலேயில் இருந்த ஃபிராங்கேயின் கருத்து. நூல்கள் அச்சேறவில்லை. 1719இல் சீகன்பால்கு மறைந்தார். தெய்வ மரபு நூல் 154 ஆண்டுகள் கழித்து, 1867இல், வில்ஹெல்ம் ஜெர்மான் பதிப்பாகச் சென்னையிலேயே வெளிவந்தது. 1711இல் எழுதிய நூல் கலாண்டு என்னும் அறிஞரால் 1926இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியாயிற்று.

பயணம் செய்தவரின் மனம் மாறுதல் ஒன்று. பயணம் செய்யாத அவர் நாட்டாரின் மனம் மாறுதல் மற்றொன்று. முன்னையது பின்னையதைத் தானே விளைவிக்காது. இடையே பதிப்பாளரும், பொருள் உதவுவோரும், நிறுவனத் தலைவரும் நிற்கின்றனர். தமிழரைப் பற்றிய இழிவெண்ணம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தமைக்கு அறியாமையோடு, அறிந்தவர் எழுத்து முடங்கிக் கிடந்ததும் ஒரு காரணம் என்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அயல்நாட்டுப் பயணம் தப்பெண்ணம் நீங்குதற்கு வாய்ப்பளிக்குமேயன்றித் தானே அதனை நீக்காது என்பது போதரும். கண் பொருளைப் பற்றிய பிழையைத் திருத்தும். இடையாள் ஒரு கூட்டத்தைப் பற்றிய பிழையைத் திருத்துவர். மொழியே மக்களைப் பற்றிய பிழையைத் திருத்த வல்லது. ஆகவே, அயலார் குறிப்பு ஒன்றைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அதனை எழுதியவர் எம்மொழியில் உரையாடினார், யாரோடு உரையாடினார், எவ்வளவு காலம் தங்கினார், யார் படிக்க எழுதினார் என்னும் நான்கையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

இம்முடிபு பழைய ஏடுகளுக்கு மட்டும் உரியதன்று. திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பகுதிகளின் ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் உழைக்கின்றனர். பேருந்திலும் தேநீர்க் கடையிலும் நாம் அவர்களை நாள்தோறும் காண்கின்றோம். ‘வடக்கத்தியார்’ என்னும் ஒரே சொல்லால் அளந்தும் விடுகின்றோம். ஐரோப்பியர் நம்மை மலபாரியர் என்ற ஒரு சொல்லால் அளந்ததும் இவ்வாறே. அவர்கள் பாடும் பாட்டு யாது, சொல்லும் கதை யாது, நம் ஊரைப் பற்றி ஊருக்கு அனுப்பும் செய்தி யாது என்பன ஆய்வுக்குரிய பொருள்கள். முதுகலை மாணவர் சிலரேனும் ஒடியாவோ வங்காளமோ கற்று அவற்றைத் தொகுக்க முன்வருவராயின், மணலில் எழுத்துப் பழகிய அவ்வயல்நாட்டாரின் உழைப்புக்கு நம் துறை செலுத்தும் தக்க கைம்மாறு அதுவேயாகும்.