சாயமும் கரியும்

சாயப்பட்டறையிலிருந்து வெளிவரும் ஜலத்தில் மனிதனுடைய கண் முதலில் காண்பது நிறத்தைத்தான். ஆயினும் அந்த ஜலம் சென்று பாய்ந்த வயலில் பயிர் கருகிப் போவதற்கு நிறத்தைக் காட்டிலும் பெரிய காரணமாக இருப்பது, கண்ணுக்குப் புலப்படாமல் அதில் கரைந்து நிற்கும் உப்பு. இந்த இரண்டு தோஷங்களையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்ட பிறகே, கரி, களிமண், தென்னை நார்க்கழிவு முதலிய உறிஞ்சு பொருள்களைக் கொண்டு சாயக் கழிவுநீரைச் சுத்தி செய்யும் வித்தையின் பெருமையையும் எல்லையையும் நாம் நியாயமாக மதிப்பிட முடியும்.

வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகி, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல் நதியின் கதையைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. பின்னலாடைத் தொழிலால் திருப்பூர் செழித்து வளர்ந்த அதே காலத்தில், நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் கழிவு அந்த நதியில் வந்து சேர்ந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷங்களுக்குள்ளாகவே சாயத்தண்ணீரைத் தேக்கி வைக்கும் இடமாகிவிட்டது. எந்த அணைக்காக ஆவலோடு காத்திருந்தார்களோ, அந்த அணையின் நீர் எங்கள் நிலத்துக்கு வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலைமை வந்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறையை அமைக்கும்படி தீர்ப்பளித்தது. 2009-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் காரியம் நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. அப்போது வேலையிழந்து நின்ற தொழிலாளரின் துயரமும், அதற்கு முன்பே கிணறு கெட்டு நின்ற உழவரின் துயரமும், ஒரே சாயத் தொட்டியிலிருந்து பிறந்தவை.

அந்தத் தொட்டியில் நடப்பது என்ன? பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் ஏற்றப்படுவது, 1956-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ‘ரியாக்டிவ்’ என்னும் வகைச் சாயம். பழைய சாயங்கள் நூலின்மேல் ஒட்டிக்கொண்டு நின்றவை. இந்தச் சாயமோ பருத்தியின் செல்லுலோஸோடு ரசாயனப் பிணைப்பே செய்துகொள்வதால், எத்தனை முறை துவைத்தாலும் நிறம் எளிதில் போவதில்லை. ஆனால் நூலோடு சேர வேண்டிய சாயத்தில் ஒரு பகுதி, தொட்டியிலுள்ள தண்ணீரோடு சேர்ந்து தன் பிணைக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. சாயத்தின் ஜாதியையும் நிறத்தின் ஆழத்தையும் பொறுத்து, போட்டதில் நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பங்கு வரை இவ்வாறு வீணாகிக் கழிவில் கலக்கிறது. மேலும், தண்ணீரில் நனைந்த பருத்திக்கும் இந்தச் சாயத்துக்கும் எதிர்மின் சுபாவமே உள்ளபடியால், இவை ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கலை அடக்கிச் சாயத்தை நூலின்பால் செலுத்துவதற்காகவே, லிட்டருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை உப்பு கொட்டப்படுகிறது. அந்த உப்பில் ஒரு துளியும் துணியோடு போவதில்லை. போட்டது போட்டபடி அத்தனையும் கழிவில் வந்து சேர்கிறது.

இனி, உறிஞ்சு பொருள்களின் விஷயத்துக்கு வருவோம். கரிக்கு நிறம் நீக்கும் குணம் உண்டென்பதை 1785-இல் ருஷ்ய தேசத்துத் தலைநகராயிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற ரசாயனி, பழுப்பேறிய டார்டாரிக் அமிலக் கரைசலில் கரித்தூளைச் சேர்த்துப் பார்த்து வெளிப்படுத்தினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பியச் சர்க்கரை ஆலைக்காரர்கள் எலும்புக் கரியைக் கொண்டு பாகை வெளுக்கக் கற்றுக்கொண்டார்கள். முதல் உலக யுத்தத்தில் விஷவாயுவிலிருந்து போர்வீரர்களைக் காத்த முகமூடிக்குள் இருந்ததும் கரியே. வாயுவின் மூலக்கூறுகள் திடப்பொருளின் பரப்பில் ஓர் அடுக்காகப் படிந்து தங்குவதையும், இடமெல்லாம் நிரம்பிய பின் மேலும் ஏற்காதிருப்பதையும், அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் 1918-இல் ஒரு சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். சாயக் கழிவைச் சுத்தி செய்யும் ஆராய்ச்சிச் சாலைகளில் கரைந்த பொருள்களுக்கும் இன்றும் அந்தச் சமன்பாடு ஓர் அளவுகோலாக இருந்து வருகிறது.

பரப்பில்தான் காரியம் நடக்கிறது என்றால், பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நன்மை. காங்கயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் கொப்பரைக் களங்களில் மலைபோல் குவியும் தேங்காய்த் தொட்டியைக் காற்று மட்டுப்பட்ட குழியிலோ உலையிலோ சுட்டால் தொட்டிக்கரி கிடைக்கும். அந்தக் கரியை 800 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வைத்து நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியின் உட்பகுதியை அணுவணுவாகத் தின்று எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கிவிடும். இவ்வாறு கிளர்வூட்டப்பட்ட கரியின் ஒரே ஒரு கிராமுக்குள் அடங்கிய பரப்பை விரித்து அளந்தால், ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலத்தின் அளவு வரும். கைப்பிடிக் கரிக்குள் ஒரு குடியானவனின் தோட்டமே மடித்து வைக்கப்பட்டிருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆயினும் பரப்பு மட்டும் போதாது. துளையின் அகலமும் பார்க்க வேண்டும். தொட்டிக்கரியில் மிகுந்திருப்பவை இரண்டு நானோமீட்டருக்கும் குறுகிய துளைகள். ரியாக்டிவ் சாயங்களில் பலவற்றின் மூலக்கூறு எடையோ ஆயிரத்தை நெருங்குவது. குறுகிய நடையுள்ள வீட்டுக்குள் நெற்குதிரைக் கொண்டுபோக முடியாததைப் போல, இந்தப் பெரிய மூலக்கூறுகள் துளையின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கரி வியாபாரத்தில் தரத்துக்கு அடையாளமாகச் சொல்லப்படும் ‘அயோடின் எண்’ சிறு துளைகளின் பெருக்கத்தை மட்டுமே காட்டுவது. அதை நம்பிக் கரி வாங்குகிற சாயப்பட்டறைக்காரர் ஏமாறுவார். மெதிலீன் நீலத்தையும் சர்க்கரைப் பாகின் நிறத்தையும் அந்தக் கரி எவ்வளவு ஏற்கிறது என்று கேட்பதே அவருக்குப் பொருத்தம்.

மின் சுபாவத்தின் பங்கும் சிறிதல்ல. களிமண்ணின் பரப்பு எதிர்மின் தன்மையுடையதாதலால், நேர்மின் சாயங்களைப் பற்றிக்கொள்ளும். எதிர்மின் சுபாவமுள்ள ரியாக்டிவ் சாயத்தை அது அருகே விடாது. இதற்கு மாறாக, இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்னும் பொருள், நீர் சற்றே அமிலமாயிருக்கும்போது நேர்மின் ஏற்றுக்கொண்டு ரியாக்டிவ் சாயத்தை ஆர்வத்தோடு கவர்கிறது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயம் முதலிய ஆராய்ச்சியாளர்கள், நம் ஊரில் குப்பையென்று ஒதுக்கப்படும் வாழைத்தண்டையும் தென்னை நார்க்கழிவையும் எடுத்து, அவை எந்தச் சாயத்தை எந்த நிலைமையில் எவ்வளவு ஏற்கின்றன என்று வருஷக்கணக்காகப் பரிசோதித்தார்கள். ஏழைத் தொழிலுக்கு ஏற்ற மலிவான மருந்தை இந்த மண்ணிலேயே தேடிய அந்த முயற்சி போற்றத்தக்கது.

ஆனால் பரிசோதனைச் சாலையில் சுத்த ஜலத்தில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துப் பார்ப்பது வேறு; பல சாயங்களும், சோப்பும், சோடாவும், நூலின் மெழுகும், உப்பும் ஒன்றாய்க் கலந்து கொதிக்கக் கொதிக்க வரும் பட்டறைக் கழிவை எதிர்கொள்வது வேறு. பச்சையாகப் போடப்படும் நார்க்கழிவு, சாயத்தைப் பிடிக்கும்போதே தன்னுடைய பழுப்புச் சாற்றைத் தண்ணீரில் இறக்கிவிடுகிறது. அதைக் கரியாக்கினால் இந்தக் குறை நீங்கும், மலிவு என்ற குணமும் கூடவே நீங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரைந்த உப்பை இந்தக் கரியோ களிமண்ணோ கைட்டோசானோ நீக்குவதில்லை. கரித்தொட்டியின் வழியே தெளிந்து ஓடும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டி, இதோ சுத்தமாகிவிட்டது என்று சொல்பவர் மனமறிந்து பொய் சொல்லாமலிருக்கலாம். அந்தக் குவளையில் லிட்டருக்கு ஐந்தாயிரம் மில்லிகிராம் உப்பு இருக்கக்கூடும். வெளியே விடும் நீரில் தமிழ்நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவோ 2,100 மில்லிகிராம்தான்.

பிடிபட்ட சாயம் எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. கரி சாயத்தை அழிப்பதில்லை, வைத்துக்கொண்டிருக்கிறது. நிரம்பிய கரியை மறுபடியும் உலையிலிட்டுச் சாயத்தை எரித்துப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு கரி எரிந்து குறையும், எரிபொருளும் செலவாகும். அவ்வாறு செய்யாமல் மூட்டை கட்டி வெட்டவெளியில் போட்டால், முதல் மழையில் சாயம் திரும்பவும் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கும். ஆகையால் எந்தப் புதிய உறிஞ்சு பொருளைப் பற்றிய செய்தி வந்தாலும், அது ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சாயம் பிடித்தது என்பதோடு நிற்காமல், பிடித்ததை என்ன செய்தார்கள் என்பதையும் வாசகர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனை குறைகளைச் சொன்னபோதிலும், உறிஞ்சு பொருளுக்கு உரிய ஸ்தானம் ஒன்று சாயக் கழிவின் சுத்திகரிப்பில் ஸ்திரமாக இருக்கிறது. திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்று கையாளும் முறையில், கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்களின் தொட்டியில் பக்குவப்பட்டு, மணலிலும் வடிகட்டிகளிலும் தெளிந்து, பின்பு ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தப்படுகிறது. உப்பைத் தடுப்பது அந்தச் சவ்வே. சாயமும் எஞ்சிய கரிமப் பொருள்களும் படிந்தால் சவ்வு விரைவில் அடைபட்டுக் கெடும். அவ்வாறு கெடாதபடி முன்னே நின்று அவற்றை வாங்கிக்கொள்வது கரியும் நிறம் நீக்கும் பிசினும் போன்ற பொருள்களின் முதல் கடமை. சவ்வு ஒதுக்கித் தள்ளும் அடர்த்தியான உப்புநீரையும் ஆவியாக்கித் திடமாக்குவதற்கு அளவற்ற விறகும் மின்சாரமும் வேண்டும். அதன் நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கிவிட்டால், அடுத்த சாயத் தொட்டிக்கு வேண்டிய உப்புக் கரைசலாக அதையே திரும்பக் கொடுத்துவிடலாம். இந்த முறையைத் திருப்பூரிலேயே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். நிறத்தை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுவது கரியின் குறை என்று முன்னே சொன்னோம். உப்பு தேவைப்படும் இந்த இடத்தில் அந்தக் குறையே பட்டறைக்காரருக்குப் பணமாகவும் ஆற்றங்கரைக் கிணறுகளுக்குப் பாதுகாப்பாகவும் பயன்படுகிறது.