நாற்பதைத் தாண்டியும் குழந்தைக்காகச் சிகிச்சை: தொடர்வதா, நிறுத்துவதா?



சென்ற மாதம் ஒரு கிளைக் கூட்டம் முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு சகோதரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். வயது 42. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பட்டணத்துத் தனியார் கிளினிக்கில் இரண்டு முறை சோதனைக் குழாய் சிகிச்சை செய்து பார்த்துவிட்டார். முதல் முறை கரு தங்கவில்லை. இரண்டாம் முறை தங்கி, எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது.

"ஐயா, இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. வீட்டுக்காரரு சேமநிதியில மிச்சம் இருக்கிறத எடுத்திடலாங்கிறாரு. எனக்குத்தான் பயமா இருக்கு. வேணாம்னு சொன்னா, உனக்குப் பிள்ளை ஆசையே விட்டுப்போச்சான்னு கேப்பாங்க," என்றார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. பலர் கேட்க வெட்கப்பட்டு மனதுக்குள் வைத்துக்கொண்டிருப்பது. ஆகவே இந்த மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்பதுக்கு மேல் தடையாக இருப்பது பெரும்பாலும் கர்ப்பப்பை அல்ல, முட்டைதான். ஆணுக்கு விந்து தினமும் புதிதாக ஊறுகிறது. பெண்ணுக்கு அப்படியில்லை. அவள் தாய் வயிற்றிலிருந்து பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன. பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம், வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். அதன்பின் மாதாமாதம் குறைந்துகொண்டே போகும். 42 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது 42 தான். எண்ணிக்கை குறைவதோடு தரமும் கெடுகிறது. 40 வயதில் உருவாகும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறு உள்ளவை. 44 வயதில் பத்துக்கு எட்டுக்கு மேல் அப்படித்தான். இப்படிப்பட்ட கரு ஒன்று தங்காது, அல்லது தங்கிக் கலைந்துபோகும்.

"எனக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதே" என்று சிலர் சொல்வார்கள். மாதவிலக்கு ஐம்பது வயது வரைகூட ஒழுங்காக வரும். பிள்ளை பெறும் சக்தி அதற்குப் பல வருஷம் முன்னாலேயே மங்கிவிடும். வெளியே தெரியாது.

ஊசி போட்டு முட்டையை அதிகமாக வளரச் செய்யலாம், வெளியே எடுத்து விந்துவோடு சேர்க்கலாம், கருவைக் கர்ப்பப்பையில் வைக்கலாம். பழைய முட்டையைப் புதிய முட்டையாக ஆக்கும் மருந்து மட்டும் இன்னும் வரவில்லை. லேகியத்திலும் இல்லை, போமோ தரும் தண்ணீரிலும் இல்லை, கைத்தொலைபேசியில் விற்கும் மாத்திரையிலும் இல்லை.

இந்தச் சிகிச்சை ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1978-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. நம் பக்கத்தில் 1983-ல் சிங்கப்பூர் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில், இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் தலைமையிலான டாக்டர்கள் அதைச் செய்து காட்டினார்கள். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் இத்தனை வருஷ முன்னேற்றத்திலும் வயது என்ற சுவர் அப்படியே நிற்கிறது.

கணக்கைச் சொல்கிறேன். 2015-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. சொந்த முட்டையை வைத்துச் செய்தபோது, 40 வயதுக்குக் குறைந்தவர்களில் முதல் சுற்றிலேயே நூற்றுக்கு 32 பேர் குழந்தை பெற்றார்கள். 40 முதல் 42 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 12 பேர். அவர்களே ஆறு சுற்று வரை போனபோது மொத்தம் நூற்றுக்கு 31 பேர். 42 வயதைத் தாண்டியவர்களுக்கோ, எந்தச் சுற்றிலும் நூற்றுக்கு 4 பேர்கூட இல்லை.

இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். 40-க்கும் 44-க்கும் நாலு வருஷம்தானே என்று தோன்றும். சிகிச்சையில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். "நாற்பதுகளில் பிள்ளை பெறலாமா?" என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோசனம் இல்லை. என் வயதுக்கு, என் உடம்புக்கு என்று கேட்க வேண்டும்.

"அப்படின்னா பேப்பர்ல ஐம்பது வயசுக்காரி இரட்டைப் பிள்ளை பெத்தான்னு போடறாங்களே?" போடுகிறார்கள். அநேகமாக அது வேறொரு இளம்பெண் கொடுத்த முட்டையாக இருக்கும். அந்தப் பாதியைப் பத்திரிகை எழுதுவதில்லை. முட்டை கொடுத்த பெண்ணின் வயதுதான் அங்கே கணக்கு. அந்த வழியை டாக்டர் உங்களிடமும் சொல்லக்கூடும். மதம், மனம், பணம் மூன்றும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய காரியம் அது. சம்மதம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடலாம், தப்பில்லை.

டாக்டரிடம் என்ன கேட்பது? நம் ஆட்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் வாயே திறப்பதில்லை. நான் டிரஸ்ஸராக இருந்த காலத்தில் தினமும் பார்த்தது இது. டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், என் வயசில, என் பரிசோதனை முடிவு மாதிரி இருக்கிற நூறு பேர் இங்க ஊசி போட ஆரம்பிச்சா, எத்தனை பேர் பிள்ளையைக் கையில தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க?" கையில் தூக்கிக்கொண்டு என்று அழுத்திச் சொல்லுங்கள். ஏனென்றால் சில கிளினிக்குகள் காட்டும் எண்ணிக்கை, ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தவர்களுடையது. நாற்பதைத் தாண்டியவர்களில் தங்கிய கர்ப்பத்திலும் மூன்றில் ஒன்று கலையக்கூடும். 45-க்கு மேல் பாதிக்கு மேல் கலைகிறது. ஊசி போட்டும் முட்டை வளராமல் பாதியில் நிறுத்தியவர்களையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முந்திய சுற்றில் உறைய வைத்த கரு மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது பெரிய விஷயம். அந்தக் கருவின் வயது, முட்டை எடுத்த அன்று உங்களுக்கு இருந்த வயதுதான். அதை வைப்பதற்குச் செலவும் குறைவு, பத்து நாள் ஊசியும் வேண்டாம்.

இனி ஆண்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் குறை இருக்கிறது. ஆனால் லயத்தில் பேச்சு என்னவோ பெண்ணைப் பற்றித்தான். "இன்னும் வயித்துல புழு பூச்சி இல்லையா?" என்று அவளைத்தான் கேட்கிறார்கள். மனைவிக்கு இரண்டு சுற்று ஊசி போட்ட பிறகும் கணவர் ஒழுங்காக ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளாத வீடுகளை நான் அறிவேன். வலியில்லாத பரிசோதனை. இரண்டிலிருந்து ஏழு நாள் விலகியிருந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சிகரெட்டு, சம்சு, கட்டுப்படாத இனிப்புநீர் எல்லாம் விந்தைக் கெடுக்கும்.

நீங்கள் என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 1977-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டி.பி.சி.பி. என்ற பூச்சிமருந்து செய்த ஆலையில் வேலை பார்த்த ஆண்கள், நம்மில் பலருக்குப் பிள்ளையே பிறக்கவில்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் பலருக்கு விந்தணுவே இல்லை. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதே மருந்தைக் கையாண்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கும் அதே கதி என்று பின்னால் தெரிய வந்தது. டின்னில் ஒட்டியிருக்கும் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். வாயில் சொன்னால் மறந்துவிடும்.

அடுத்தது தாயின் உடம்பு. நாற்பதுக்கு மேல் கர்ப்பத்தில் ரத்த அழுத்தமும் இனிப்புநீரும் அதிகம் வரும். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியரில் பெரியவர்கள் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர். ஆகவே சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே சர்க்கரையைப் பாருங்கள். மூன்று மாத சர்க்கரைக் கணக்கு 6.5-க்குக் கீழே வந்த பிறகு கர்ப்பமாவது நல்லது. ரத்த அழுத்தத்துக்கு அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் பெரிண்டோப்ரில், எனாலாப்ரில் போன்ற மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறேன் என்று சொல்லி மாற்றி வாங்குங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்க வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அதன் அளவு அதிகம், டாக்டர்தான் சொல்ல வேண்டும். டௌன் சின்ட்ரோம் குழந்தை பிறக்கும் சாத்தியம் 30 வயதில் ஏறக்குறைய 900-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று, 45-ல் 30-ல் ஒன்று. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்துதான் போக வேண்டும்.

பணம். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு சுற்றுக்கு 15,000 வெள்ளி, அதற்கு மேலும் ஆகும். வயது கூடக்கூட ஊசி மருந்தின் அளவும் கூடும், செலவும் கூடும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளக்காரருக்கு ஒரு சுற்று என்பது ஒன்பது மாத முழுச் சம்பளம். சோறு, பால், மின்சாரக் கட்டணம் எதுவும் இல்லாமல்! இதோடு பெரட்டுக்குப் போகாத நாட்களையும் சேர்க்க வேண்டும். ஸ்கேனுக்கு நாலைந்து நாள், முட்டை எடுக்க ஒரு நாள், கரு வைக்க ஒரு நாள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வண்டிக்காசு வேறு.

சேமநிதியின் இரண்டாவது கணக்கிலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம் என்று 2020-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து அந்தக் கணக்குக்குச் செஜாத்ரா கணக்கு என்று பெயர். எடுக்க முடியும் என்பதால் எடுத்தாக வேண்டும் என்றில்லை. வயதான காலத்தில் கையேந்தாமல் இருக்கச் சேர்த்த காசு அது.

தனியாரிடம் போகும் முன் அரசாங்க வழியைக் கேட்டீர்களா? எல்.பி.பி.கே.என். நடத்தும் நூர் செஜாத்ரா கிளினிக்குகளில் குழந்தையின்மைக்கு ஆலோசனையும் ஆரம்ப சிகிச்சையும் உண்டு. கோலாலம்பூர் துங்கு அசிசா ஆஸ்பத்திரி, அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா ஆஸ்பத்திரி ஆகியவற்றில் சோதனைக் குழாய் முறையும் உண்டு. செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வயதில் கழிவதால், வயது வரம்பு உண்டா, எத்தனை மாதம் காக்க வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

"இவ்வளவு செலவு செஞ்சாச்சு, இப்ப விட்டா எல்லாம் வீண்தானே?" என்று பலரும் கேட்கிறார்கள். போன சுற்றில் போட்ட பணம் போய்விட்டது. அடுத்த சுற்று அதைத் திருப்பித் தராது. அதைக் கணக்கில் சேர்த்தால் கணக்குத் தப்பும். அடுத்த சுற்று மட்டும் என்ன தரும் என்பதுதான் கேள்வி.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், 40, 41 வயதில், முட்டை எண்ணிக்கை பரவாயில்லை என்று டாக்டர் சொல்லி, கடன் வாங்காமல் முடியுமென்றால், ஒன்றிரண்டு முறை முயல்வது நியாயம். 43-ஐத் தாண்டி, சொந்த முட்டையை வைத்து, கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் முடிவு எனதல்ல, மாமியாருடையதும் அல்ல.

புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து, சுற்று ஆரம்பிக்கும் முன்பே எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு முறை, அதோடு சரி. அல்லது இவ்வளவு வெள்ளி, அதோடு சரி என்று. காலண்டரில் எழுதிவையுங்கள். ஏன் முன்பே என்றால், சுற்று தோற்ற அன்று அழுகையில் எடுக்கும் முடிவு முடிவாகாது. யாருக்கு முதலில் மனம் தளர்கிறதோ அவர் சொல்லைத் தள்ளாதீர்கள். ஊசி ஏறுவது அவள் உடம்பில். பெரியவர்களிடம் சொல்லும் பொறுப்பு கணவருடையது. "அம்மா, நாங்க ரெண்டு பேரும் பேசி நிறுத்திட்டோம். இனி அவளைக் கேக்காதீங்க," என்று அவர் ஒரு முறை சொன்னால் போதும், மருமகள் நூறு முறை சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்திய பிறகு துக்கம் வரும். பிறக்காத பிள்ளைக்காக அழுவதைப் பைத்தியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு. சிகிச்சையை நிறுத்தியபின் தானாகவே தங்குவதும் அபூர்வமாக நடக்கும். ஆகவே நாள் தள்ளினால் "நிக்கிற வயசு" என்று விட்டுவிடாமல் சோதித்துப் பாருங்கள்.

பிள்ளையை எடுத்து வளர்க்க நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் உத்தரவு தர வேண்டும். அதற்கு முன் குறைந்தது மூன்று மாதம் பிள்ளை தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும். சமூகநல இலாகாவில் முதலில் விசாரியுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளையைக் காசு கொடுத்து வாங்கி, பெற்ற பிள்ளை என்று பத்திரம் எடுப்பது குற்றம். பின்னால் அந்தப் பிள்ளைக்குத்தான் அடையாளக் கார்டிலும் பள்ளிக்கூடத்திலும் தொல்லை. தங்கச்சி பிள்ளையை வளர்த்தாலும் எழுத்தில் முறைப்படுத்திக்கொள்ளுங்கள்.

என்னிடம் கேட்ட சகோதரி கணவரோடு கிளினிக்குக்குப் போய் வந்தார். உறைய வைத்த கரு மிச்சம் இல்லை. நூற்றுக்கு எத்தனை என்று கேட்டதற்கு டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பத்துக்குக் கீழே" என்றாராம். கணவர் இப்போதுதான் தன் பரிசோதனையைச் செய்திருக்கிறார். தீபாவளி வரை கெடு வைத்திருக்கிறார்கள். சேமநிதிப் பாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.