பயந்தவன் கையில் பதவி!

விழுப்புரத்தில் பஸ் ஏறி, செஞ்சி ரோடு பக்கம் ஆறேழு கிலோமீட்டர் போனால் திருவாமாத்தூர். பம்பை ஆற்றங்கரை. அபிராமேஸ்வரர் கோயில். பாடல் பெற்ற ஸ்தலம். ஆனால் சுற்றுவட்டார ஜனங்கள் கொஞ்சம் மிரள்வது இங்கே இருக்கிற வட்டப்பாறைக்குத்தான். கொடுக்கல் வாங்கலில் தகராறா? "வாய்யா, வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணு!" பொய் சத்தியம் பண்ணினவன் உருப்பட மாட்டான் என்பது நம்பிக்கை.

ராமரும் சுக்ரீவனும் சத்தியம் செய்துகொண்டது இந்தப் பாறை முன்னால்தான் என்கிறது ஸ்தல புராணம்.

சுக்ரீவன் எதற்கு ராமரைத் தேடி வந்தான்? எல்லாம் அண்ணன் வாலியால் வந்த வினை. அசுரனைத் துரத்திக்கொண்டு குகைக்குள் போன வாலி திரும்பவில்லை. ரத்தம்தான் வழிந்து வந்தது. அண்ணன் செத்தான், அடுத்தது நாம்தான் என்று பயந்த தம்பி, குகை வாசலைப் பாறையால் அடைத்துவிட்டு ஓடினான். மந்திரிகள் அவனை ராஜாவாக்கினார்கள். உயிரோடு திரும்பி வந்த வாலிக்கு, 'நம் நாற்காலிக்கே வேட்டு வைத்துவிட்டானே' என்று சந்தேகம். தம்பியை அடித்து விரட்டினான். அவன் பெண்டாட்டியையும் பறித்துக்கொண்டான். இத்தனைக்கும் வாலி மகா பலசாலி!

புராணம்தானே என்று விட்டுவிட முடியவில்லை. 1978 ஜூலையில், இதே விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1968 டிசம்பர் 25 ராத்திரி, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள், சங்கத்தில் சேர்ந்து செங்கொடி ஏற்றினார்கள். அவ்வளவுதான் குற்றம். ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டமாம்!

அரைப்படி நெல்லால் எந்த மிராசுதாரும் ஆண்டியாகிவிட மாட்டார். அவர்களை உலுக்கியது வேறு. கை கட்டி நின்றவன் இன்றைக்கு நிமிர்ந்து பேசுகிறான், நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள் என்கிற பயம். பயம் மட்டும் இருந்தால் மனுஷன் ஓடுவான். அதோடு அதிகாரமும் சேர்ந்தால் கொளுத்துவான்.

"நாம் யார் வீட்டையும் கொளுத்தலையே சார்" என்கிறீர்களா? வாஸ்தவம். ஆபீசில் புதுசாக ஒரு பையன் சேருகிறான். நாம் அரை நாள் முக்கி முனகிப் போடுகிற கணக்கை, கம்ப்யூட்டரில் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறான். மானேஜர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார். போச்சு! மறுநாள் அவன் லீவ் லெட்டரில் ஸ்பெல்லிங் மிஸ்டேக் கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறோம். கோபம் என்று நினைத்துக்கொள்கிறோம். கோபமில்லை சார், பயம்!

44 உயிரையும் ஒரு லீவ் லெட்டரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. இரண்டும் முளைக்கிற இடம் ஒன்று என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த தடவை நமக்குக் கீழே இருக்கிறவரிடம் குரல் உயரும்போது, 'இவரிடம் எனக்கு என்ன பயம்?' என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்லத் திருவாமாத்தூர் வரை போக வேண்டாம். ஆனால், வட்டப்பாறை முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.