உங்களுக்குத் தெரியுமா? தீனி ஒன்று, எடை மூன்று!

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கறிக்கோழி வகைகளை ஒரே தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாள் எடை போட்டபோது 1957 வகை சுமார் 900 கிராம், 1978 வகை 1,800 கிராம், 2005 வகையோ 4,200 கிராம்! ஹார்மோன் ஊசி போட்டு ஏற்றிய எடை என்று ஊரில் பேசுவார்களே, அது தவறு. தலைமுறை தலைமுறையாகத் தாய், தகப்பனைப் பொறுக்கி எடுத்ததால் வந்த வளர்ச்சி இது.

ஆனால் சதை ஏறும் வேகத்துக்கு இதயமும் காலும் ஈடுகொடுப்பதில்லை. சில கோழிகளுக்கு வயிற்றில் நீர் கோக்கும்; சில திடீரென்று செத்துவிழும். அதனால்தான் சில பண்ணைகளில் குஞ்சுப் பருவத்தில் சில நாட்கள் தீனியைக் குறைக்கிறார்கள். பிறகு வயிறு நிறையப் போட்டால் விட்ட எடையைப் பெரும்பாலும் பிடித்துவிடும். அளவுக்கு மீறிக் குறைத்தால் நெஞ்சுக்கறி குறையும்.

இந்தக் கறிக்கோழிக் குஞ்சுகளுக்காக முட்டையிடும் தாய்க்கோழிகளின் நிலைதான் வேதனை. இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் கொழுத்து, முட்டையும் குறைந்து, காலும் பாதிக்கப்படும் என்பதால் வளரும் பருவம் முழுக்க அளந்துதான் தீனி. வைத்த தீனி சிறிது நேரத்தில் தீர்ந்துவிட, மீதிப் பொழுதில் காலித் தட்டைக் கொத்திக்கொண்டிருக்கும்.