பாட்டி வந்தான்!

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சாங்கி விமான நிலையத்தில் என் அம்மாவுக்காகக் காத்திருந்தோம். கும்பகோணத்திலிருந்து வந்த அவர் தள்ளுவண்டியோடு வெளியே தலைகாட்டியதும், என் நான்கு வயது மகன் துள்ளிக் குதித்தான்: “பாட்டி வந்தான்! பாட்டி வந்தான்!”

எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். நான் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது போதாதென்று, மறுநாள் என் வானொலி நிகழ்ச்சியிலும் சொன்னேன். நேயர்கள் அழைத்துத் தங்கள் பிள்ளைகளின் கதைகளைச் சொல்ல, நிகழ்ச்சி களைகட்டியது.

அதன்பின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் “எங்கே, பாட்டி வந்தான் சொல்லு” என்று அவனைக் கேட்டார்கள். முதலில் சொன்னான். பிறகு சொல்ல மறுத்தான். பிறகு தமிழ் பேசுவதையே விட்டுவிட்டான். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது.

ஊர் திரும்பிய அம்மா சனிக்கிழமை தோறும் காணொளியில் அழைப்பார். “ஹாய் பாட்டி, பை பாட்டி” என்று ஓடிவிடுவான். ஒருநாள் அம்மா சொன்னார்: “விடும்மா, அவன் விளையாடட்டும். அவன் பேசுறது எனக்குப் புரியல.” அடுத்த வாரம் அவர் அவனைக் கூப்பிடச் சொல்லவே இல்லை.

எந்தப் பிழைக்குச் சிரித்தோம்?

அதே நாள்களில் அவன் ஆங்கிலத்தில் ‘வென்ட்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘கோட்’ என்பான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். சரியாகியும் விட்டது.

இரண்டும் ஏறத்தாழ ஒரே வகைப் பிழைகள்தாம். தனக்குத் தெரிந்த ஒரு வடிவத்தைப் பிள்ளை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறது. ‘வந்தான், வந்தாள், வந்தாங்க, வந்துச்சு’ என்று ஆளுக்கேற்ப, மரியாதைக்கேற்ப வினைச்சொல்லின் முடிவு மாறும் என்பது நான்கு வயதில் முழுமையாகப் பிடிபடாது. பேசப் பேசத்தான் பிடிபடும். ஆங்கிலத்துக்குக் கொடுத்த பொறுமையை நான் தமிழுக்குக் கொடுக்கவில்லை.

ஆங்கிலம் கற்க அவனுக்குப் பள்ளி, விளையாட்டு இடம், கேலிச்சித்திரப் படம் என்று எத்தனையோ வாசல்கள். தமிழுக்குப் பெரிய வாசல் வீடுதான். அந்த வாசலும் குறுகி வருகிறது. 2010இல் சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றனர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 48.3 விழுக்காடு. தமிழ் 2.5 விழுக்காடு.

பள்ளியில் தமிழ் இருக்கிறதே என்று சொல்லலாம். 2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவே பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆனால் வகுப்பில் பழகும் பேச்சை வீட்டில் யாரோடும் பேசாவிட்டால், பிள்ளைக்குத் தமிழ் தேர்வுக்குரிய பாடமாக மட்டுமே தங்கிவிடும்.

திருத்தாமல் திருத்துவது

தொடக்கநிலை ஒன்றில் அவன் சேர்ந்தபோது வீட்டில் இரண்டு விதிகள் வைத்தோம். அவன் தமிழுக்கு யாரும் சிரிக்கக்கூடாது. “அப்படியில்லை, இப்படிச் சொல்லு” என்று இடைமறிக்கவும் கூடாது. சரியான வடிவத்தை நம் பதிலிலேயே சேர்த்துச் சொன்னால் போதும். ‘அப்பா வந்துச்சு’ என்றால், “அப்பா வந்துட்டாங்களா? வா, கதவைத் திறப்போம்.” ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினாலும் பதறுவதில்லை. இரண்டு மொழிகளோடு வளரும் பிள்ளைகள் அப்படிக் கலப்பது இயல்பு. அது குழப்பத்தின் அடையாளமன்று.

குடும்பக் குழுவிலிருந்த அந்தக் காணொளியையும் நீக்கச் சொன்னேன். வானொலியில் சொன்னதை என்ன செய்வது? அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மாற்றம் உடனே வரவில்லை. பல மாதங்கள் ஒற்றைச் சொற்கள்தாம் வந்தன. சென்ற சனிக்கிழமை அம்மா அழைத்தபோது, அவனாகவே கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கினான்.

“பாட்டி, அங்க மழை வந்தாங்களா?”

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அம்மா சிரிக்கவில்லை.

“வந்துச்சு கண்ணு. நேத்து ராத்திரி நல்லா வந்துச்சு. அங்க வந்துச்சா?”

“ஆமா பாட்டி,” என்றான். “இங்கயும் வந்துச்சு.”